பலகை மாறினாலும் பழகிய பெயருக்கு விலையுண்டு

லயன் கூரைகளில் டிஷ் அன்டெனாக்கள் முளைத்த பின்னர் எங்கள் ஹட்டன் பகுதிப் பிள்ளைகளும் இந்தியச் சிறுவர் அலைவரிசைகளுக்குப் பழகிவிட்டனர். கடைக்கு வரும் பிள்ளை பையின் தையலைப் பார்ப்பதில்லை. அதிலுள்ள படத்தைத்தான் பார்க்கும்.

இந்தியாவில் 'டூன் டிஸ்னி' 2004 டிசம்பரில் ஆரம்பமானது, தமிழிலும் ஒலித்தது. ஐந்து வருடம் நிறையுமுன், 2009 நவம்பரில் அப்பெயர் மறைந்தது. அதே வருடம் பெப்ரவரியில் அமெரிக்காவில் செய்த மாற்றத்தின் தொடர்ச்சியாக, ஆண் பிள்ளைகளைக் குறிவைத்து 'டிஸ்னி எக்ஸ்டி' ஆக்கினார்கள். 2019இல் அது 'மார்வல் எச்.கியூ.' ஆனது. 2022இல் 'சூப்பர் ஹங்காமா' ஆனது.

கடைசிப் பெயரைக் கவனியுங்கள். 'ஹங்காமா' டிஸ்னி உருவாக்கியதல்ல. 2004இல் மும்பையின் யூடிவி நிறுவனம் தொடங்கியது. 2006இல் டிஸ்னி அதனை 3 கோடி 5 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பெரிய முதலாளியின் சொந்தப் பெயர் பலகையிலிருந்து இறங்கியது. விலைக்கு வாங்கிய உள்ளூர்ப் பெயர் ஏறியது.

நானும் பட்டுத் தெளிந்தவன்தான். ஒரு வருடம் ஜனவரித் தவணைக்கென ஒரே கார்ட்டூன் படம் போட்ட புத்தகப்பைகளைக் கடனுக்கு எடுத்தேன். தவணை தொடங்கியபோது பிள்ளைகள் வேறு படம் கேட்டார்கள். பைகள் பரணில் கிடந்தன. காசோலைத் திகதி மட்டும் தவறாமல் வந்தது.

ஆகவே, படம் போட்ட சரக்கை ஒரு தவணைக்கு மேல் எடுக்காதீர்கள். பாதிக்குப் பாதி படமில்லாத பையும் இருக்கட்டும். வாடிக்கையாளர் வாயில் பழகிய உங்கள் கடைப் பெயரை மட்டும் இலேசில் மாற்றாதீர்கள்.