தாத்தா காலத்து படகு மோட்டார்: பழசு என்றாலே விலை அதிகமா?

அமெரிக்காவில் ஏரிக்கரை வீடு ஒன்றின் கொட்டகையில், தூசி படிந்த பழைய படகு மோட்டார் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எழுபது வருஷப் பழசு, லட்சக்கணக்கில் போகும்’ என்கிறார் ஒருவர். ‘பழைய இரும்புக்குப் போடு’ என்கிறார் இன்னொருவர். பெரும்பாலும் ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. ஏன்?

அவுட்போர்ட் மோட்டார் என்றால் என்ன?

படகின் பின்பலகையில் கவ்வி மாட்டும் மோட்டார் இது. இன்ஜின், கியர், புரொப்பல்லர் எல்லாம் ஒன்றாக இருக்கும். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், மில்வாக்கியில் தயாரித்து 1909-ல் விற்கத் தொடங்கிய மோட்டாரின் திறன் வெறும் 1.5 குதிரைசக்தி. எடை சுமார் 28 கிலோ. அவருக்கும் முன்பே டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேமரன் வாட்டர்மேன் இதை விற்றார். இவற்றைச் சேகரிப்பவர்களுக்காக ‘ஆன்டிக் அவுட்போர்ட் மோட்டார் கிளப்’ 1965 முதல் இயங்குகிறது.

விலையை எது தீர்மானிக்கிறது?

எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 1950-களில் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களிடம் படகு மோகம் பரவியது. ஜான்சன், எவின்ரூட் சிறிய மோட்டார்கள் ஏராளமாகத் தயாராயின. இன்றும் எளிதாகக் கிடைப்பதால் வயசு இருந்தும் பெரிய விலை இல்லை. வாட்டர்மேன் மோட்டாரும், ‘எல்டோ 4-60’ போன்ற நான்கு சிலிண்டர் பந்தய மோட்டாரும் அரிது. அதனால் மவுசும் அதிகம்.

அடுத்தது முழுமை. மேல்மூடி, பெட்ரோல் டேங்க், பெயர்ப்பலகை எல்லாம் இருக்கிறதா? எவின்ரூட் தயாரிப்பே 2020-ல் நின்றுவிட்டது. பல பழைய பாகங்கள் வேண்டுமென்றால், அதே மாடலின் இன்னொரு மோட்டாரிலிருந்துதான் கழற்ற வேண்டும்.

மூன்றாவது, ஒரிஜினல் பெயின்ட். மங்கிப்போயிருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர்ப்பலகையில் மாடல் எண் இருக்கும். 1980 மாடல் முதல் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஒரு ரகசியக் குறியீடு உண்டு. ‘இன்ட்ரொடியூசஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9, கடைசி எழுத்து 0. மாடல் எண்ணில் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் ‘சி’, ‘ஆர்’ என்றால் 8, 4. அதாவது 1984. அதற்கு முந்தையவற்றுக்கு மாடல் எண் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

• ஃபிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்க. சுற்றவே இல்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கலாம். எளிதாகச் சுற்றினால் கம்ப்ரஷன் போயிருக்கலாம்.
• விரிசல் தேடுங்க. உள்ளே தங்கிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்தால் உலோகமே பிளந்துவிடும்.
• உப்புத்தண்ணீரில் ஓடியதா என்று கேளுங்க. அலுமினியத்தை அது அரித்துவிடும்.
• தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் காட்ட விடாதீங்க. பம்ப்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும்.

அப்போ கொட்டகை மோட்டாரை என்ன செய்வது?

பாகம் பாகமாக விற்றால் சில சமயம் கூடுதல் காசு வரும். ஆனால் முழு மோட்டார்களின் கணக்கில் ஒன்று நிரந்தரமாகக் குறையும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஒரிஜினல் பெயின்ட்டும் திரும்ப வராது. அதனால் முதலில் போட்டோ எடுங்க, மாடல் எண்ணைக் குறிச்சு வைங்க. அது எவ்வளவு அரிது என்று தெரிந்த பிறகு ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம்.