உப்பு வாணலியில் உருகாது. மழைத் தண்ணீரில் ஷாக் அடிக்கும்! ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்

சூடான வாணலியில் சர்க்கரையைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பாகாகிவிடும். ஆனால் கல் உப்பு? படபடவென்று வெடிக்குமே தவிர உருகாது. ஏன் இப்படி?

உப்புக்குள் என்ன இருக்கு?

நாம் சாப்பிடும் உப்பின் வேதியியல் பெயர் சோடியம் குளோரைடு. இதில் சோடியம் தன் வெளிக்கூட்டில் உள்ள ஒரு எலக்ட்ரானை குளோரினுக்குக் கொடுத்துவிடும். கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்சுமை என்பதால் ரெண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்படி உருவாவதுதான் அயனிச் சேர்மம்.

இது ஒரு ஜோடியோடு முடிவதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என 6 குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் அதேபோல 6 சோடியம். தூள் உப்பை லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டி கனசதுரமாகத் தெரிவது இதனால்தான்.

ஏன் உருகல?

அத்தனை பிடியையும் தளர்த்த 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம்ம வாணலி அவ்வளவு சூடாகாது. சர்க்கரையில் அயனிகள் இல்லை. மூலக்கூறுகளுக்கு இடையே பிடிப்பும் குறைவு. அதனால் 200 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும்.

தட்டினால் ஏன் உடையுது?

செம்பைச் சுத்தியலால் தட்டினால் தகடாகும். உப்புக்கல் நொறுங்கிவிடும். அடிபட்டதும் ஒரு அடுக்கு நகர்ந்து, நேர்மின்னுக்கு நேராக நேர்மின் வந்து நிற்கும். ஒரே மின்சுமை ஒன்றையொன்று தள்ளும். அவ்வளவுதான், கல் பிளந்துவிடும்.

சரி, ஷாக் எப்படி அடிக்குது?

காய்ந்த உப்பில் மின்சாரம் பாயாது. அயனிகள் இருந்த இடத்தை விட்டு நகர முடியாது. தண்ணீரில் கரைந்தாலோ அவை பிரிந்து சுதந்திரமாக ஓடும், மின்சாரத்தையும் கடத்தும்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், தெருவில் தேங்கிய மழைத் தண்ணீர், ஏன் நம்ம வியர்வையில்கூட உப்புகள் கரைந்திருக்கின்றன. 'கொஞ்சம் ஈரம்தானே' என்று சுவிட்சைத் தொடுவது ஆபத்தாவது இதனால்தான்.

மழைக்காலத்தில் மின்கம்பம், மின்பெட்டி பக்கம் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாமல், தமிழக மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்கு உடனே சொல்லுங்கள்.