லாஞ்சுகளின் ஒப்பனை அறை

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பார்த்திருப்பீர்கள். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, காதைப் பிளக்கும் ஏலம், செருப்பை நனைக்கும் தண்ணீர், கையில் கனக்கும் பை. அது மேடை. இன்று உங்களை அதன் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மீன் வாங்க வருகிறவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத அந்த இடத்துக்குள் நுழைந்ததிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாருங்கள், கீழே பார்த்துக் கால் வையுங்கள். கயிறு, ஆணி, ஈரப் பெயின்ட் எல்லாம் வழியிலேயேதான் கிடக்கின்றன.

இன்று ஜூன் 13. நாளை நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. 2001இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, பிறகு நீண்டது. "அப்போ ரெண்டு மாசமும் லீவுதானா?" என்று வாசல் டீக்கடையில் கேட்டேன். கடைக்கார அக்கா கிளாஸைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "லீவா? இந்த ரெண்டு மாசந்தாம்மா எனக்கு டபுள் பால் வாங்க வேண்டியிருக்கு."

அந்தப் பால் எல்லாம் எங்கே போகிறது என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. தண்ணீரில் மிதக்கும்போது பாதி உடம்பை மறைத்துக்கொள்ளும் லாஞ்சு என்கிற விசைப்படகு, இங்கே மரக்கட்டைகள்மேல் முழு உயரத்துக்கு நிற்கிறது. அடிக்கட்டையான ஏராவை அண்ணாந்து பார்க்கிறேன். வெண்கல விசிறி, அதன் பின்னால் சுக்கான். இத்தனை வருடம் இந்த ஊர் மீனைச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு படகின் அடிவயிற்றை இன்றுதான் தொட்டுப் பார்க்கிறேன்.

தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம். திரும்பினால் இரண்டு பையன்கள், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பலகையில் ஒட்டியிருக்கும் ஓட்டுயிரான கொட்டலசைச் சுரண்டுகிறார்கள். வெள்ளை வெள்ளையாகத் தலையில், தோளில், சட்டைப் பைக்குள் எல்லாம் உதிர்கிறது. "இது ஒட்டிக்கினா போட்டு நவுறாதுக்கா. டீசலதான் குடிச்சிக்கினே கெடக்கும்," என்கிறான் சின்னவன். பெரியவன் அவன் தலையில் ஒட்டியிருந்த ஒரு சில்லைச் சுரண்டி எடுத்து, "இவனும் நவுற மாட்டான், அதான் இவன் மேலயும் ஒட்டிக்கிச்சு," என்றான். மேலே சாரத்தில் நின்றவர்கள் வரை சிரிப்பு ஏறியது.

இந்தப் பக்கம் ஒரு மரப்படகு இன்னும் முடியவில்லை. கலப்பத்து வேலை பார்க்கும் பெரியவர் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார். எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியைப் பலகை இடுக்கில் வைத்து, மழுங்கிய உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்குகிறார். முதலில் மந்தமாகக் கேட்கிற சத்தம், போகப் போக இறுகி 'ணங்' என்கிறது. அந்த 'ணங்' வந்ததும் அடுத்த இடுக்குக்கு நகர்கிறார். கண்ணால் பார்ப்பதே இல்லை. "காதுலதாம்மா வேலை. கண்ணு இருட்டுல என்னாத்தப் பாக்கும்?" வியர்வை அவர் நெற்றியிலிருந்து காதுக்குள்ளேயே வழிகிறது, துடைக்கக் கை ஓயவில்லை. இரும்புப் படகுகள் வந்துவிட்டன, மரத்தின் மேல் ஃபைபர் பூசுவதும் வந்துவிட்டது. ஆனாலும் இவருக்காகக் காத்திருக்கும் படகுக்காரர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் டீ குடித்தாரா என்று மாறி மாறி விசாரிக்கிறார்கள்.

நாலு எட்டு வைத்தால் இன்ஜின் மெக்கானிக்குகளின் ராஜ்ஜியம். முழு இன்ஜினும் வெளியே வந்து சாக்கின் மேல் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. நட்டு, போல்ட்டு எல்லாம் பழைய பிரியாணி டப்பாக்களில். அவசரமாகப் பறந்த ஒரு வாஷரை ஐந்து பேர் மண்டியிட்டுத் தேடினார்கள். கடைசியில் அது படகு டிரைவரின் கைலி மடிப்பிலிருந்து விழுந்தது. டிரைவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வெயில் ஏறிவிட்டது, வலைக் கொட்டகைக்குள் ஒதுங்குவோம். பச்சை, நீல நூல்களின் நடுவே ஆட்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கிழிந்த வலை மடியின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை ஓட்டுகிறார்கள். ரேடியோவில் இளையராஜா. ஒரு தாத்தா தன் பேரனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறார். பையன் போட்ட முடிச்சை இழுத்தார், அவிழ்ந்தது. மறுபடி போட்டான், மறுபடி அவிழ்ந்தது. மூன்றாவது நின்றது. தாத்தா ஒரு வார்த்தையும் பாராட்டவில்லை. தன் ஊசியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். பையனின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

வெளியே பெயின்டர் படகின் நெற்றியில் பதிவெண் எழுதிக்கொண்டிருக்கிறார். எண்ணின் நடுவே வரும் 'எம்எம்' விசைப்படகுக்கான குறி. எண்ணை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, பெயர் அப்படியில்லை. அம்மன் பெயருக்குக் கீழே பேத்தி பெயரைச் சேர்க்கச் சொல்கிறார் படகுக்காரர். "போன வருசம் ஒரு பேத்தி, இந்த வருசம் ரெண்டாவது. அடுத்த வருசத்துக்குப் படகை நீட்டிக் கட்டணும்ண்ணே," என்று பெயின்டர் தூரிகையைக் கடித்துக்கொண்டே சொல்ல, படகுக்காரருக்கு வெட்கம் கலந்த பெருமை.

இப்போது படகுகள் அணையும் வார்ப்புப் பக்கம். இங்கேதான் மூச்சு முட்டுகிறது. 1980களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் துறைமுகம், அன்று நினைத்ததைவிட இன்று படகுகள் அதிகம். நெரிசலைக் குறைக்கத்தான் வடக்கே திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டினார்கள். இங்கே ஒரு படகிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவியே அக்கரைக்குப் போய்விடலாம். இடையிடையே பழைய லாரி டயர்கள் தொங்குகின்றன. அவை சும்மா இல்லை. ஏப்ரல், மே வங்கக் கடலில் புயல் கிளம்பும் மாதங்களும்தான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் அடித்தபோது இதே இடத்தில் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. அதனால் படகு சும்மா நிற்கும் நாளிலும் இரவில் காவல் உண்டு. காற்று மாறினால் எழுந்து கயிற்றைத் தளர்த்த வேண்டும், இறுக்க வேண்டும், டயரை நகர்த்த வேண்டும்.

ஓரத்தில் கறுப்பாக மிதக்கும் பிளாஸ்டிக்குக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழும்புகிறது! முத்துக் குளிப்பவர் இல்லை, விசிறியில் சிக்கிய கயிற்றை அறுக்க முங்கியவர். கையில் கத்தி, பல்லிடுக்கில் அறுத்தெடுத்த நைலான் துண்டு. மேலே ஏறியதும் முதலில் கேட்டது சோப்பு, அடுத்தது பரோட்டா. இந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது நம் எல்லோருடைய வேலையும் என்று எனக்கு அந்த நிமிடம் உறைத்த மாதிரி எந்த விளம்பரப் பலகையைப் பார்த்தும் உறைத்ததில்லை. நகரம் வீசுகிற பையும் கவரும் இந்த மனிதரின் தோளில்தான் வந்து ஒட்டுகின்றன.

அடியில் வண்டல், வெளியே அலை. அலைதடுப்புக் கற்கள் சரிந்தால் உள்ளே படகுக்கு நிம்மதி இல்லை. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர்கள் அதை மறித்ததில் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக் கல் கொட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கற்களின்மேல்தான் இப்போது உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் டப்பாவிலிருந்து நெத்திலி வறுவலை என் பக்கம் தள்ளினார். "கடல்ல போவாத காலத்துல நெத்திலி எப்படிண்ணா?" "நாட்டுப்படகுக்குத் தடை இல்லம்மா. மச்சான் ஃபைபர் போட்ல போயி எடுத்தாந்தது."

மீன்வளத் துறையின் ஆய்வு இந்தத் தடைக்காலத்திலேயே நடந்துவிடும். பதிவு, உரிமம், உயிர்காக்கும் மிதவைச் சட்டை, இஸ்ரோ தொழில்நுட்பத்தில் வந்த டிரான்ஸ்பாண்டர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அன்றைக்கு நடந்ததை ஒருவர் நடித்தே காட்டினார். மிதவைச் சட்டை மாட்டி வரிசையில் நின்ற எல்லோருக்கும் பட்டை பொருந்திற்றாம், சமையல்காரருக்கு மட்டும் தொப்பையைச் சுற்றி வரவில்லையாம். "நல்லா சமைக்கிறாருன்னு அதிகாரிக்கே தெரிஞ்சிப்போச்சு!"

கூட்டம் ஓடுகிறது, நாமும் ஓடுவோம். ஒரு லாஞ்சு தண்ணீரில் இறங்கப் போகிறது. அடிவயிற்றில் அகலப் பட்டைகள், மேலே கிரேன். சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. "மெதுவா, மெதுவா, லெப்ட்ல வுடு!" ஒரே நேரத்தில் இருபது பேர் கட்டளை போடுகிறார்கள், கிரேன்காரர் யாரையும் பார்க்காமல் இறக்குகிறார். படகு தண்ணீரைத் தொட்டதும் ஒருவர் டார்ச்சோடு உள்ளே குதித்தார். யாரும் பேசவில்லை. "லேசா கசியுது!" என்று உள்ளிருந்து குரல். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்! இரண்டு மாதம் காய்ந்த பலகை தண்ணீர் குடித்து உப்பினால்தான் இடுக்கு இறுகும் என்று கலப்பத்துப் பெரியவர் எனக்கு விளக்கினார். "மொதல்ல மரம் குடிக்கணும். அப்புறம்தான் நாம டீ குடிக்கணும்."

பொழுது சாய்கிறது, ஐஸ் உடைக்கும் மெஷின்கள் கத்தத் தொடங்கிவிட்டன. பெரிய பெரிய பார்கள் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் பொடியாகப் படகின் அறைக்குள் கொட்டுகின்றன. வெறும் கையால் அதைத் தள்ளுகிற பையனின் விரல்கள் சிவந்து கிடக்கின்றன, நெற்றியிலோ வியர்வை. பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தங்கலுக்கு அரிசி, புளி, வெங்காயம், குடிதண்ணீர், கேஸ் எல்லாம் கைமாறிக் கைமாறி ஏறுகின்றன. ஓர் அம்மா கடைசியாக ஊறுகாய் பாட்டிலை மகன் கையில் கொடுத்து, "இத மறந்தேன்னா திரும்பி வராதே," என்று மிரட்டினார். அவன் பாட்டிலை முத்தமிட்டான்.

இந்த இரண்டு மாதத்துக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். ஒரு லாஞ்சைப் பழுது பார்க்கும் செலவு லட்சங்களில் போகிறது, பெரும்பாலும் கடன்தான். இதைச் சொல்லும்போதும் அவர்கள் கை நிற்கவில்லை, முகம் சுருங்கவில்லை. மீன் பெருகட்டும் என்று கடலை விட்டு ஒதுங்கி நிற்கிறார்கள், ஒதுங்கி நிற்கும் நாளிலும் இத்தனை உழைக்கிறார்கள். நம் தட்டில் வந்து விழும் மீனுக்குப் பின்னால் வலை வீசுபவர் மட்டுமா இருக்கிறார்? காதால் வேலை செய்யும் பெரியவர், கறுப்புத் தண்ணீரில் முங்கும் மனிதர், கட்டைவிரலில் வலையை மாட்டிய பையன் எல்லோரும் இருக்கிறார்கள்.

தங்கல் போன படகுகள் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கள். மீன் வாங்கியதும் பையோடு ஓடிவிடாமல், பத்து நிமிடம் வார்ப்பு ஓரமாக நடங்கள். புதுப் பெயின்ட்டையும், இரண்டு பேத்திகளின் பெயரையும் தேடிப் பாருங்கள். யார் கையிலாவது உளியோ ஊசியோ இருந்தால், வேலை எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்வதோடு நிறுத்த மாட்டார்கள், உங்களுக்கும் ஒரு டீ சொல்லிவிடுவார்கள்.