தமிழ்நாட்டு நடுநிலை வகுப்புகளில் கணினிக் கல்வி

தமிழ்நாட்டு நடுநிலை வகுப்புகளில் கணினிக் கல்வி என்பது ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளின் மாணவர்களுக்குக் கணினியின் அடிப்படைகளைக் கற்பிப்பதாகும்.

வரலாறு

இந்தியப் பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்ப நடுவண் அரசு 1984 இல் ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் பிபிசி மைக்ரோ கணினிகள் பயன்பட்டன. தமிழ்நாட்டில் கணினி அறிவியல் நெடுங்காலம் மேல்நிலை வகுப்புகளின் விருப்பப் பாடமாகவே இருந்தது. ஆகவே, பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியோருக்கு அதனைக் கற்கும் வாய்ப்புக் குறைவு.

பாடத்திட்டம்

2018 இல் வெளியான ஆறாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் கணினி அறிமுகப் பாடம் இடம்பெற்றது. 2019 இல் வெளியான எட்டாம் வகுப்பு நூல் லிப்ரே ஆபீஸ் கால்க் என்னும் விரிதாள் மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இது கட்டற்ற மென்பொருள் ஆதலால் உரிமக் கட்டணம் இல்லை. தர்மபுரி மாவட்டத்து அதியமான்கோட்டையிலும் சென்னையிலும் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு இந்நூல் பொதுவானது. எனினும், கணினியில் அமர்ந்து பழகும் நேரம் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

செய்முறையின் தேவை

விரிதாளில் மதிப்பெண்களை உள்ளிட்டுக் கூட்டல் வாய்பாட்டை எழுதியபின், ஒரு மதிப்பெண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானாகவே மாறும். கணினி கட்டளையை மீண்டும் நிறைவேற்றுகிறது என்பதை மாணவர் இதனால் உணர்வர். அச்சிட்ட படம் இதனைக் காட்ட இயலாது. அண்டை மாநிலமான கேரளத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தின் வழி தகவல் தொழில்நுட்பம் தனிப் பாடமாக்கப்பட்டு, பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வும் நடத்தப்பட்டது. தேர்வு செய்முறையாக அமைந்ததால் கணினி அறைப் பயிற்சி பாடத்தின் இன்றியமையாத பகுதியாயிற்று.