வேலைவாய்ப்பில் கடன் வரலாறு

வேலைவாய்ப்பில் கடன் வரலாறு என்பது, விண்ணப்பதாரரின் கடன் அறிக்கையை ஆராய்ந்து அவரைப் பணியில் அமர்த்துவது குறித்து முடிவெடுக்கும் வழக்கத்தைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாகப் பணம் கையாளும் பணிகளுக்கு, இவ்வழக்கம் உள்ளது.

அறிக்கையின் உள்ளடக்கம்

ஈக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகியன அங்குள்ள மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்கள் ஆகும். வேலை வழங்குநர் பெறும் அறிக்கையில் கடன்கள், தவறிய தவணைகள், நொடிப்பு முதலியன இடம்பெறும். கடன் மதிப்பெண் இடம்பெறாது. தவறிய தவணைகள் பொதுவாக 7 ஆண்டுகளும், நொடிப்பு 10 ஆண்டுகள் வரையும் பதிவில் நீடிக்கும்.

சட்டப் பாதுகாப்பு

1970 இல் இயற்றப்பட்டு 1996 இல் திருத்தப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தின்படி, விண்ணப்பதாரரின் எழுத்துமூல ஒப்புதலின்றி வேலை வழங்குநர் அறிக்கையைப் பெற இயலாது. அறிக்கையைக் காரணமாகக் கொண்டு வேலையை மறுக்க எண்ணினால், மறுக்கும் முன்னரே அதன் படியையும் உரிமைகளின் சுருக்கத்தையும் அவருக்கு வழங்க வேண்டும். இதனால், பிழை இருப்பின் அதனைச் சுட்டிக்காட்ட விண்ணப்பதாரருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. முறையீடு செய்தால், கடன் தகவல் நிறுவனம் பொதுவாக 30 நாட்களுக்குள் அதனை விசாரிக்க வேண்டும்.

விமர்சனங்கள்

கடன் சுமை உடையவர் கையாடலுக்குத் தூண்டப்படலாம் என்பது இவ்வழக்கத்தை ஆதரிப்போரின் வாதம். நோய், மணமுறிவு, வேலையிழப்பு ஆகியவற்றாலும் தவணைகள் தவறக்கூடும் என்பதால், கடன் வரலாறு நேர்மையின் அளவுகோல் ஆகாது என்பர் எதிர்ப்போர். வேலை இழந்தவர் தவணை தவறுகிறார். தவணை தவறியதால் மீண்டும் வேலை பெற இயலாமல் போகிறது. இச்சுழலைத் தவிர்க்க, வாஷிங்டன் மாநிலம் 2007 இலும் நியூயார்க் நகரம் 2015 இலும் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தின. எனினும் சில பணிகளுக்கு விலக்கு உண்டு.