காருக்குப் புதுச் சக்கரமா? முன்னழகைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள்!

புதுக் கார் வந்ததும் முதலில் என்ன செய்கிறோம்? கோவில் வாசலில் நிறுத்துகிறோம். பூஜை போடுகிறோம். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம்.

காரில் எத்தனையோ பாகங்கள் உண்டு. ஆனால் எலுமிச்சம்பழம் சக்கரத்துக்குத்தான்!

அது நியாயம்தான். காரில் தரையைத் தொடுவது சக்கரம் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி எல்லோரும் உட்கார்ந்து ஊருக்குப் போகிறார்கள்.

அப்படிப்பட்ட சக்கரத்தைப் பலர் எப்படி வாங்குகிறார்கள்? புடவைக் கடையில் புடவை எடுப்பது போல, பளபளப்பைப் பார்த்து வாங்குகிறார்கள்!

கார் பிறக்கும் மண்

தாம்பரம் வட்டாரத்துக்குக் கார் புதிது அல்ல. வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில்தான் 1960-களில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார்கள் தயாராயின. அந்தத் தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டது. சென்னை பாடியில் 1960-ம் ஆண்டு தொடங்கிய 'வீல்ஸ் இந்தியா' கம்பெனி, இரும்புச் சக்கரம் செய்வதில் பெயர் பெற்றது. 1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் 'சான்ட்ரோ' புறப்பட்டது.

இன்று குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர் எங்கும் வீட்டு வாசலில் சிறிய கார் நிற்கிறது. கார் வந்ததும், "அலாய் வீல் போடலாமா?" என்ற ஆசையும் வருகிறது.

கடைக்குப் போகிறார்கள். சுவர் நிறையச் சக்கரங்கள். ஒன்று நட்சத்திரம் போல. ஒன்று பூ போல. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி.

"சார், இதைப் போட்டால் உங்கள் வண்டியை ஊரே திரும்பிப் பார்க்கும்!" என்கிறார் கடைக்காரர்.

பார்க்கட்டும். ஆனால் பணம் கொடுக்கும் முன்பு நீங்கள் அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள்! அதன் விஷயம் எல்லாம் முதுகில்தான் எழுதியிருக்கிறது.

இரும்பா, அலாயா?

கம்பெனியில் இருந்து குறைந்த விலைக் காரோடு வருவது இரும்புச் சக்கரம். 'அலாய்' என்பது அலுமினியத்தோடு வேறு சில உலோகங்களைச் சேர்த்து வார்த்தது.

அலாய் சக்கரம் பார்க்க அழகு. நன்றாகச் செய்ததாக இருந்தால் எடையும் குறைவு. துருப் பிடிக்காது. பிரேக் சூடு சீக்கிரம் ஆறும்.

இரும்புக்கும் ஒரு பெருமை உண்டு. பள்ளத்தில் மோதினால் இரும்பு வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் வளைவதும் உண்டு. பலமாக மோதினால் வெடித்தும் விடும். வெடித்த அலாயைப் பற்ற வைத்து ஓட்டுவது ஆபத்து. பற்ற வைத்த சூட்டில் உலோகத்தின் பலம் குறைந்துவிடும்.

"அலாய் என்றாலே லேசு" என்றும் நினைக்க வேண்டாம். மலிவாக வார்த்த பெரிய அலாய், சிறிய இரும்புச் சக்கரத்தை விடக் கனமாக இருப்பதும் உண்டு.

2 மில்லிமீட்டர் வஞ்சகம்

சிறிய கார்களில் பெரும்பாலும் சக்கரத்துக்கு நான்கு நட்டுகள். எதிர் எதிரே உள்ள இரண்டு துவாரங்களின் நடுவுக்கு நடு தூரத்தை அளந்தால் ஒரு கணக்கு வரும். அதைக் கடையில் 'பி.சி.டி.' என்பார்கள். ஹூண்டாய் சான்ட்ரோவுக்கும் மாருதி ஸ்விப்டுக்கும் அது 100 மில்லிமீட்டர். பழைய பியட் ஊனோ, பாலியோ கார்களுக்கு 98.

2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இழுத்துப் பிடித்து முடுக்கவும் சிலர் துணிவார்கள். கூடவே கூடாது! போல்ட்டு சாய்வாக உட்காரும். ஓட ஓட நட்டு தளரும், போல்ட்டு முறியும்.

அடுத்தது நடு ஓட்டை. காரின் அச்சில் உள்ள 'ஹப்' இதற்குள் பிசகில்லாமல் உட்கார வேண்டும். ஹூண்டாய் சான்ட்ரோவுக்கு இது 54.1 மில்லிமீட்டர். ஹோண்டா சிட்டிக்கு 56.1. இரண்டுக்கும் நட்டுத் துவாரக் கணக்கு ஒன்றே. ஆகவே சிட்டியின் சக்கரம் சான்ட்ரோவில் ஏறிவிடும்! ஆனால் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். ஊருக்குள் தெரியாது. ஜி.எஸ்.டி. சாலையில் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும்.

பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று, கடைச் சக்கரங்களில் நடு ஓட்டையைப் பெரிதாகவே வைப்பார்கள். இடைவெளியை அடைக்க 'ஹப் ரிங்' என்ற வளையம் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

உள்ளே போகுமா, வெளியே வருமா?

சக்கரத்தின் முதுகில் 'இ.டி. 45' என்பது போல ஓர் எண் இருக்கும். சக்கரம் காருக்குள் எவ்வளவு தள்ளி உட்காரும் என்பதை அது சொல்லும். உங்கள் காருக்கு 45 என்று வைத்துக்கொள்வோம். 35 உள்ள அதே அகலச் சக்கரத்தைப் போட்டால், ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீட்டர் வெளியே வரும்.

வெளியே துருத்தி நின்றால் சிலருக்கு அழகாகத் தெரியும். ஆனால் பேரிங்குக்குச் சுமை கூடும். வீட்டார் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்ததும் டயர் மட்கார்டில் உரசும். எண் அதிகமானாலோ சக்கரம் உள்ளே போய் ஷாக் அப்சார்பரில் இடிக்கும்.

ஒரு சிறிய கணக்கு

டயரில் எண்கள் எழுதியிருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன பொருள்?

மாருதி ஸ்விப்ட் காரையே எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த ரகத்தில் 165/80 ஆர் 14 என்று வந்தது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, டயர்ச் சுவரின் உயரம் அகலத்தில் 100-க்கு 80 பங்கு என்பது. அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். எல்லாம் கூட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர்.

விலை உயர்ந்த ரகத்தில் 185/65 ஆர் 15. கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 621! சக்கரம் ஓர் அங்குலம் பெரிதாகியும், மொத்த உயரம் அநேகமாக மாறவில்லை. இதுதான் சூத்திரம். மொத்த உயரம் மாறினால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். 3 சதவீதம் பெரிய டயர் போட்டால், முள் 80 காட்டும்போது கார் 82-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

16 அங்குலம் போடலாமா? 195/55 ஆர் 16 போட்டாலும் மொத்தம் அதே 621 தான். ஆனால் எது குறைந்தது என்று கவனியுங்கள். 14-ல் டயர்ச் சுவர் 132 மில்லிமீட்டர். 15-ல் 120. 16-ல் வெறும் 107!

அந்தச் சுவர்தான் காருக்குத் தலையணை. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அதுதான். சுவர் குறையக் குறைய, அடி நேரே சக்கரத்துக்குப் போகும். அங்கிருந்து பாட்டியின் இடுப்புக்கும் போகும்!

நம் ஊர்ச் சாலைக்கு எது?

தாம்பரம் 2021-ம் ஆண்டு மாநகராட்சி ஆனது. ஆனாலும் மழை வந்தால் பள்ளம் பள்ளம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை யாரும் மறக்க முடியாது. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டாம். சாதாரண ஐப்பசி மழை போதும். தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே நம் பகுதிக்கு ஒரே ஒரு விதி போதும். உங்கள் காரின் விலை உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே என்ன அளவு கொடுக்கிறதோ, அதுதான் எல்லை. அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம்! ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், டயர் அளவும் காற்று அளவும் எழுதிய சீட்டு பெரும்பாலும் அங்கேயே ஒட்டியிருக்கும்.

பழைய சக்கரம் வாங்கலாமா?

சென்னையில் கார் அலங்காரப் பொருளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பெயர் பெற்றது. பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை.

பழைய சக்கரத்தில் லாபம் உண்டு, மோசமும் உண்டு. புதுப் பெயிண்டுக்கு அடியில் மயிரிழை வெடிப்பு மறைந்திருக்கலாம். பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். கோணல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். உட்புற விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்.

புதியது என்றால், எவ்வளவு பாரம் தாங்கும் என்று முதுகில் கிலோ கணக்கு இருக்கிறதா பாருங்கள். இந்திய தர வரையறை ஐ.எஸ். 16192. அந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஜே.டபிள்யூ.எல்.' என்பது ஜப்பான் நாட்டுத் தரக் குறி. எந்த எழுத்தும் இல்லாத மொட்டைச் சக்கரம் என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

டயரின் வயதும் தெரியும். பக்கவாட்டில் 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

சின்ன நட்டு, பெரிய வேலை

இரும்புச் சக்கரத்தின் நட்டு அலாய்க்குப் பொருந்தாமல் போகலாம். மரையும் காருக்குக் கார் மாறும். ஸ்விப்டுக்கு 1.25 மில்லிமீட்டர் மரை; ஹூண்டாய்க்கு 1.5. மாற்றி முடுக்கினால் போல்ட்டு பாழ்.

நட்டுகளை வரிசையாக முடுக்கக் கூடாது. எதிர் எதிராக முடுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்!

'ஸ்டெப்னி' ஒரு தெரு!

உபரிச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது என்ன சொல் தெரியுமா? ஒரு தெருவின் பெயர்! அந்தக் காலத்துக் கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. 1904-ம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் அதைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே பொருளுக்கும் நிலைத்துவிட்டது.

உங்கள் ஸ்டெப்னி பழைய இரும்பாகவே இருந்தால், அதற்குரிய பழைய நட்டுகளையும் டிக்கியில் போட்டு வையுங்கள். நள்ளிரவில் செங்கல்பட்டு தாண்டி பஞ்சர் ஆனால், அலாய் நட்டை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. கம்பெனி கொடுக்கும் அளவுக்குள் நின்றால் உங்களுக்கு வம்பு இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து விடுங்கள். தெரிவிக்காத பொருள் களவு போனால் பணம் கேட்பது கஷ்டம்.

பர்சைத் திறக்கும் முன்பு

கடைசியாகச் செலவுக் கணக்கு. சக்கர அளவு மாறினால் பழைய டயர் ஏறாது. நான்கு டயரும் புதிதாக வாங்க வேண்டும். பேலன்சிங், அலைன்மென்ட் கூலி வேறு. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

பணம் அதற்குப் போதாவிட்டால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரும்புச் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்குங்கள். மழையில் பிரேக் பிடிக்கும்போது காரை நிறுத்தப் போவது சக்கரத்தின் பளபளப்பு அல்ல, டயரின் பிடிமானம்தான்!