தத்துவப் படிப்பு: முதலில் எந்தப் பாடம்?

"தத்துவம் படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் வீடே திகைக்கும். "சாமியாராகப் போகிறாயா?" என்று பாட்டி கேட்பார்.

பயம் வேண்டாம். தத்துவம் படித்தவர் ஜனாதிபதி மாளிகைக்கும் போயிருக்கிறார். 1962 முதல் 1967 வரை ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தவர். அவர் அதைத் தேடிப் போகவில்லை. அந்தப் படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம்! அதனால் தத்துவம் எடுத்தார்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. தர்க்கம், அறவியல், தத்துவ வரலாறு, மெய்ப்பொருள் ஆராய்ச்சி என்று பல பாடங்கள் எதிரே நிற்கும். சில பல்கலைக்கழகங்களில் மாணவரே தேர்ந்தெடுக்கலாம். எதை முதலில் எடுப்பது?

நடு ஆற்றில் குதிக்காதீர்கள்

"கடவுள் உண்டா? உலகம் மெய்யா, பொய்யா?" இந்தப் பெரிய கேள்விகளிடம்தான் மனம் ஓடும். ஆனால், சங்கரரைப் படித்தால் அவர் சொல்வது சரி என்று தோன்றும். அவரை மறுக்கும் ராமானுஜரைப் படித்தால் அதுவும் சரி என்று தோன்றும். எடை போடத் தராசு இருக்காது. "இது எனக்கு ஏறாது" என்று படிப்பையே விடத் தோன்றும். கட்டிய பணமும் போகும். ஓர் ஆண்டும் போகும்.

தராசு எது?

அந்தத் தராசுதான் தர்க்கம்.

"மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது." சரிதானே?

சரியில்லை. குழாய் உடைந்தும் தெரு நனையலாம்! பேச்சில் உள்ள இத்தகைய ஓட்டைகளைக் காட்டித் தருவதே தர்க்கம். முதலில் கணக்குப் பாடம் போல வறட்சியாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மணிமேகலை கற்ற வழி

இது புது யோசனை அல்ல. காஞ்சியில் மணிமேகலை அறம் கேட்டபோது அறவண அடிகள் என்ன செய்தார்? வாதத்தின் முறைகளையும் அதில் வரும் பிழைகளையும் முதலில் விளக்கினார். அதன் பிறகே புத்தரின் கோட்பாட்டை விரித்துரைத்தார்.

தர்க்கத்தோடு அறவியலையும் எடுக்கலாம். "ஓர் உயிரைக் காக்கப் பொய் சொல்லலாமா?" என்பது போன்ற கேள்விகள் அதில் வரும். வீட்டிலும் பேசிப் பார்க்கலாம். அடுத்து தத்துவ வரலாறு. யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது அதில் விளங்கும். மெய்ப்பொருள் ஆராய்ச்சி கடைசியில் இருக்கட்டும்.

பெற்றோர்களே! பிள்ளை தத்துவம் கேட்டால் தடுக்காதீர்கள். "முதலில் தர்க்கம் எடு" என்று சொல்லி அனுப்புங்கள். ஆனால் ஒன்று: அடுத்த விடுமுறையில் உங்கள் பேச்சிலேயே பிழை கண்டுபிடித்தால் கோபிக்கக் கூடாது!